எடையா, காற்றா, அலுமினியமா: அமெச்சூர் பந்தய வீரரின் அடுத்த சைக்கிள்

சாலைப் பந்தயங்களில் ஓரிரு பருவங்கள் ஓட்டிப் பழகிய அமெச்சூர் வீரர், தம் முதல் சைக்கிளைவிட மேலான ஒன்றைத் தேடத் தொடங்கும்போது, அவர் முன் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கின்றன. 7 கிலோவை ஒட்டிய எடையுள்ள, மலையேற்றத்துக்கென வடிவமைக்கப்பட்ட கார்பன் சைக்கிளை வாங்கலாம். அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை கூடினாலும் பரவாயில்லை என்று, காற்றுத் தடையைக் குறைக்கும் ஏரோ சைக்கிளை வாங்கலாம். நல்ல அலுமினியப் பந்தய ஃப்ரேமை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தைச் சக்கரங்களிலும் டயர்களிலும் போடலாம். அல்லது, சில ஆண்டுகளுக்கு முன் உயர்தரமாக இருந்த, ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பான ரிம்மைப் பிடிக்கும் பிரேக்) பொருத்திய கார்பன் சைக்கிளைப் பிறரிடமிருந்து வாங்கலாம். ஸ்டீல், டைட்டேனியம் ஃப்ரேம்களை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் நீடித்து உழைக்கக் கூடியவை, ஆனால் பந்தயத்தை முதன்மையாக வைத்துத் தேர்ந்தெடுப்பவருக்கு மற்ற நான்கிலும் கிடைக்காத எதையும் அவை தருவதில்லை.

கடைக்குள் நுழையும் எவரும் முதலில் செய்வது சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பதுதான். கை உடனே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பு பொய்யில்லை என்றாலும், பந்தயச் சாலையில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடையிலிருந்தே தொடங்கலாம். பன்னாட்டு சைக்கிள் பந்தயச் சம்மேளனமான யூசிஐ, பந்தயச் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்ற விதியை 2000-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைப்படுத்தி வருகிறது. எடையைக் குறைப்பதற்காக ஃப்ரேமின் உறுதி பலியாகிவிடக் கூடாது என்ற கவலையே அதற்குக் காரணம். அன்று எட்டுவதற்குக் கடினமாக இருந்த அந்த அளவை இன்று பல நிறுவனங்களின் உயர்தர சைக்கிள்கள் எளிதாகத் தொட்டுவிடுகின்றன. அமெச்சூர் போட்டிகளில் இந்த விதி பொருந்துமா என்பது போட்டியை நடத்தும் அமைப்பைப் பொறுத்தது. பிரிட்டனில் இலையுதிர் காலத்தில் நடக்கும் ஹில் க்ளைம்ப் போட்டிகளில் இந்த வரம்பு பொருந்தாது என்பதால், அங்கே ஹேண்டில்பாரின் கீழ் வளைவை அறுத்தெறிந்தும், பாகங்களில் துளையிட்டும், 6 கிலோவுக்கும் கீழே எடையைக் கொண்டுபோகிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் செங்குத்தான ஏற்றத்துக்கு அது முற்றிலும் நியாயமான வழி. வேறு எந்தப் பந்தயத்துக்கும் அது முன்மாதிரி ஆகாது.

70 கிலோ எடையுள்ள வீரர், 8 கிலோ சைக்கிள், தொடர்ந்து 250 வாட் திறன் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீதச் சரிவில் 10 கிலோமீட்டர் ஏற்றத்தை அவர் தனியாக ஏறி முடிக்க ஏறக்குறைய 40 நிமிடம் 37 வினாடி ஆகும். சைக்கிளின் எடையை மட்டும் 7 கிலோவாகக் குறைத்து, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்தால், அவருக்கு மிச்சமாவது சுமார் 26 வினாடி. ஒரு கிலோ என்பது மொத்த எடையில் 1.3 சதவீதத்துக்குக் குறைவு. நேரத்தில் கிடைக்கும் லாபமும் அதை ஒட்டியே, சற்றுக் குறைவாகவே இருக்கிறது. 750 மில்லி லிட்டர் தண்ணீர் புட்டி ஒன்று நிறைந்திருந்தால் முக்கால் கிலோ எடை கூடும் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீண்ட ஏற்றத்தின் அடியில், உச்சி வரை எவ்வளவு தண்ணீர் தேவை என்று யோசித்து மீதியைக் கொட்டிவிடும் வீரர், பெரும் பணம் கொடுத்து வாங்க வேண்டிய எடைக் குறைப்பின் பெரும்பகுதியை இலவசமாகவே அடைந்துவிடுகிறார்.

எனினும் 26 வினாடி அற்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. சாலைப் பந்தயம் கடிகாரத்துக்கு எதிராக நடப்பதில்லை; முன்னால் செல்பவரின் பின் சக்கரத்தை ஒட்டி நிற்பதற்கான போராட்டம் அது. ஏற்றத்தில் கூட்டம் பிரியும்போது, ஒட்டி நின்றவருக்கும் மூன்று மீட்டர் பின்தங்கியவருக்கும் அந்தக் கணத்தில் இருந்த வேறுபாடு மிகச் சிறியது. உச்சியைத் தாண்டிய பிறகு முன்னவர் கூட்டத்தின் காற்று நிழலில் 45 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, பின்னவர் தனியாகக் காற்றை எதிர்த்து 35-இல் உழைத்துக்கொண்டிருப்பார். இப்படிச் சிறு வேறுபாடு நிமிடக் கணக்கில் பெருகுவதுதான் சாலைப் பந்தயத்தின் இயல்பு. எடை குறைந்த சைக்கிளுக்குச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுவே என்று நினைக்கிறேன்; விற்பனையாளர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு வியப்பளிக்கிறது.

அதே வாதத்தை எண்களில் வைத்துப் பார்த்தால் அதன் எல்லையும் தெரிந்துவிடுகிறது. 4 சதவீத ஏற்றத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, ஒரு கிலோ குறைவதால் கிடைப்பது சுமார் 3 வாட். அதே வேகத்தில் காற்றை எதிர்க்க மட்டும் 64 வாட் வரை செலவாகிறது. ஒருவரின் பின்னால் நெருங்கி நின்று அதில் 30 சதவீதத்தைச் சேமித்தாலும் ஏறத்தாழ 20 வாட் மிச்சம். ஆக, ஏற்றத்தில்கூட, அது மிகச் செங்குத்தாக இல்லாத வரை, எந்தச் சைக்கிளில் அமர்ந்திருக்கிறோம் என்பதைவிட யாருடைய பின்னால் இருக்கிறோம் என்பதே பல மடங்கு பெரிது. கூட்டத்தின் கடைசியில் ஏற்றத்தைத் தொடங்கிவிட்டு, அந்தப் பின்னடைவைச் சைக்கிளின் எடையில் ஈடுகட்ட முடியாது.

சமதளத்துக்கு வந்தால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் தனியாக ஓட்டும் ஒருவர் ஏறத்தாழ 300 வாட் செலவிடுகிறார் என்றால், அதில் 260 வாட்டுக்கு மேல் காற்றுக்கே போய்விடுகிறது. இங்கே ஒரு கிலோ எடை குறைந்தால் மிச்சமாவது அரை வாட்டுக்கும் குறைவு. வீரரும் சைக்கிளும் சேர்ந்து எதிர்கொள்ளும் காற்றுத் தடையை 3 சதவீதம் குறைத்தாலோ 8 வாட் மிச்சமாகும். ஏரோ ஃப்ரேமும் ஆழமான ரிம்களும் சேர்ந்து எட்டக்கூடிய அளவுதான் அது. தனியாகப் பிரிந்து முன்னே ஓட விரும்புபவர், கடிகாரத்துக்கு எதிராகத் தனியாக ஓடும் டைம் ட்ரையலில் ஈடுபாடு உள்ளவர், காற்று வீசும் திறந்த சமவெளிகளில் போட்டியிடுபவர் ஆகியோருக்கு ஏரோ சைக்கிளின் பயன் ஒவ்வொரு நிமிடமும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் கூட்டத்தின் நடுவில் மறைந்திருக்கும் வீரருக்கு அந்தப் பயனும் சுருங்கிவிடுகிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் ப்ளாக்கன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 121 வீரர்கள் நெருக்கமாகச் செல்லும் கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் உள்ளவர்கள் எதிர்கொள்ளும் காற்றுத் தடை, தனியாகச் செல்பவர் எதிர்கொள்வதில் 5 முதல் 10 சதவீதம் வரை மட்டுமே என்று கண்டறிந்தனர். அமெச்சூர் கூட்டம் அவ்வளவு பெரியதாகவோ நெருக்கமாகவோ இருக்காது, எனவே அங்கே இவ்வளவு பாதுகாப்பும் கிடைக்காது. எனினும், கடைசி 300 மீட்டர் வேக ஓட்டத்துக்காகக் காத்திருப்பவர், பந்தயத்தின் பெரும்பகுதியில் ஏரோ ஃப்ரேமைவிட மற்ற வீரர்களின் முதுகுகளாலேயே அதிகம் காக்கப்படுகிறார்.

மலையேற்றச் சைக்கிள், ஏரோ சைக்கிள் இரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே விழுகிறது? ஒரு கிலோ எடை வேறுபாட்டை 3 சதவீதக் காற்றுத் தடை வேறுபாட்டுடன் நிறுத்துப் பார்த்தால், மேலே சொன்ன 250 வாட் வீரருக்கு இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 3 சதவீத ஏற்றம். அதற்குக் கீழே ஏரோ சைக்கிளும், மேலே எடை குறைந்த சைக்கிளும் முந்தும். திறன் மிகுந்த வீரருக்கு வேகம் கூடுவதால் இந்தக் கோடு இன்னும் சற்று மேலே நகரும். எடை வேறுபாடு ஒரு கிலோவாக இல்லாமல் அரை கிலோவாகவே இருந்தாலும் கோடு மேலேதான் போகும். ஏற்ற இறக்கம் கலந்த சாதாரணப் பந்தயப் பாதைகளில் பெரும்பகுதி தூரம் இந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்கிறது. அதனால்தான் தயாரிப்பாளர்களும் இரண்டு வகைகளையும் ஒன்றாக்கத் தொடங்கினர்: ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2020-இல் டார்மக் எஸ்எல்7 வந்தபோது தன் ஏரோ சைக்கிளான வெஞ்சின் இடத்தையும் அதற்கே கொடுத்தது, ட்ரெக் 2024-இல் எமோண்டாவையும் மடோனையும் இணைத்து ஒரே மடோனாக்கியது. புதிய கார்பன் சைக்கிள்தான் வேண்டும் என்று முடிவுசெய்தவர், இந்த இரண்டும் கலந்த வகையையே முதலில் பார்ப்பது நல்லது.

சக்கரங்களின் எடை பற்றி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சுழலும் எடையைக் குறைப்பது மற்ற இடத்தில் குறைப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும் என்பார்கள். ரிம்மின் விளிம்பில் உள்ள எடை முன்னே நகர்வதற்கும் சுழல்வதற்கும் இருமுறை ஆற்றலைக் கேட்கிறது என்பது உண்மைதான். ஆகவே அது இரு மடங்காகக் கணக்கிடப்பட வேண்டும், அதற்கு மேல் இல்லை. 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 45-க்கு வேகம் கூட்டும்போது, விளிம்பில் 400 கிராம் குறைந்த சக்கரங்கள் மிச்சப்படுத்துவது அந்த வேகக் கூட்டலுக்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 1 சதவீதமே. எனவே புதிய சக்கரம் வாங்குபவர் எடையைவிட ரிம்மின் ஆழத்தையும், அது ஏற்கும் டயரின் அகலத்தையும், ஹப்பைப் பிரித்துப் பழுதுபார்க்க முடியுமா என்பதையும் முதலில் பார்க்கட்டும்.

இனி அலுமினியம். மார்கோ பந்தானி 1998-இல் டூர் டி ஃபிரான்ஸை வென்றது அலுமினிய ஃப்ரேமில்தான். அதற்குப் பின் உச்சநிலைப் பந்தயங்களில் அந்த உலோகத்தின் இடத்தைக் கார்பன் எடுத்துக்கொண்டது. ஆனால் அமெச்சூர் பந்தயங்களில், குறிப்பாகக் குறுகிய சுற்றுப் பாதையில் பலமுறை சுற்றி ஓடும் கிரிட்டீரியத்தில், அது இன்றும் உயிரோடு இருக்கிறது. கேனண்டேலின் கேட் வரிசையும் ஸ்பெஷலைஸ்டின் அலே ஸ்பிரிண்ட்டும் அந்தக் களத்துக்கென்றே பெயர் பெற்றவை. அலுமினிய ஃப்ரேம் கார்பனைவிடச் சில நூறு கிராம்கள் கூடுதலாக இருக்கும். முழுச் சைக்கிளில் காணப்படும் மீதி எடை வேறுபாடு பெரும்பாலும் சக்கரங்களிலும் கியர் பாகங்களிலும் ஒளிந்திருக்கிறது. ஷிமானோவின் மின்னணு கியர் தொகுதிகளில் நடுத்தரமான 105 டிஐ2-வுக்கும் உச்சத்தில் உள்ள டியூரா ஏஸ் டிஐ2-வுக்கும் இடையில் மட்டுமே அரை கிலோ அளவுக்கு வேறுபாடு இருக்கிறது, ஆனால் கியர் மாற்றும் வேலையை இரண்டுமே நம்பகமாகச் செய்கின்றன.

கிரிட்டீரியத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அலுமினியத்தின் மதிப்பு விளங்கும். ஓரிரு கிலோமீட்டர் நீளமுள்ள சுற்று, நான்கைந்து கூர்மையான திருப்பங்கள், பெரும்பாலும் ஒரு மணி நேரம் வரை நீளும் ஓட்டம். ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னும் கூட்டம் சுருங்குகிறது, உள்பக்கத்தில் ஒருவர் இடைவெளி தேடி நுழைகிறார், வெளிப்பக்கத்தில் ஒருவரின் தோள் இடிக்கிறது, திருப்பம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று மிதிக்கிறார்கள். அனுபவம் குறைந்தவர்கள் நிறைந்த கீழ்நிலைப் பிரிவுகளில் ஒருவர் தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டால் போதும், பின்னால் நால்வர் தரையில் கிடப்பார்கள். அந்த நால்வரில் மூவர் எந்தத் தவறும் செய்யாதவர்களாக இருப்பார்கள். அலுமினிய ஃப்ரேமும் விழுந்தால் நசுங்கும், நசுங்கிய மெல்லிய குழாயை நிமிர்த்தவும் முடியாது. ஆனால் சேதம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், புது ஃப்ரேமின் விலையும் வீரரை அந்தப் பருவத்திலிருந்தே விலக்கிவிடாது. கார்பனைப் பழுதுபார்க்க முடியும் என்றாலும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்பதை அனுபவமுள்ளவர் பார்த்துச் சொல்லும் வரை நிம்மதியாக அதில் ஏற முடியாது.

இதிலிருந்து என் அளவுகோல் ஒன்று வருகிறது: உடைந்தால் அடுத்த மாதமே மாற்று வாங்க முடியாத ஒன்றை நெருக்கமான கூட்டப் பந்தயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பயம் வீரரின் கைகளில் தெரியும். விலையுயர்ந்த சைக்கிளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு திருப்பத்தில் நுழைபவர் ஒவ்வொரு முறையும் ஓரிரு மீட்டர் பின்தங்கி, வெளியே வந்ததும் அந்த இடைவெளியை மூடக் கூடுதலாக மிதிக்கிறார். சுற்றுக்கு நான்கு திருப்பம் என்றால், கார்பன் மிச்சப்படுத்திய ஆற்றலெல்லாம் முதல் சில சுற்றுகளிலேயே கரைந்துபோகும்.

நான்காவது வழி பலருக்குக் கவர்ச்சியாகத் தெரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. யூசிஐ 2018 ஜூலையில் டிஸ்க் பிரேக்குகளை (சக்கரத்தின் நடுவில் உள்ள வட்டத் தகட்டைப் பிடிப்பவை) சாலைப் பந்தயங்களில் முழுமையாக அனுமதித்த பிறகு, புதிய உயர்தர ஃப்ரேம்கள் ஏறக்குறைய எல்லாமே டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிட்டன. டிஸ்க் அமைப்பு எடையைச் சற்றுக் கூட்டுகிறது. அதனால், கைமாறி வரும் ரிம் பிரேக் சைக்கிள்களில்தான் 7 கிலோவை ஒட்டிய எடை குறைந்த செலவில் கிடைக்கிறது. மலையேற்றத்தை விரும்பும், செலவைக் கட்டுப்படுத்த வேண்டிய வீரருக்கு இது நல்ல வழி. குறைகளும் உண்டு. பழைய ஃப்ரேம்களில் பலவற்றில் 25 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயர் நுழையாது. கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் மழையில் தாமதமாகவே பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்தால் ரிம் சூடேறிச் சிதையக்கூடும் என்பதால் அலுமினிய ரிம்கள் உள்ள சக்கரங்களே பாதுகாப்பானவை.

இவ்வழியில் செல்பவர் ஃப்ரேமைப் பரிசோதிப்பதில் ஓர் அரை மணி நேரத்தைத் தயங்காமல் செலவிட வேண்டும். சைக்கிளைக் கழுவச் சொல்லி, வெயிலிலோ டார்ச் வெளிச்சத்திலோ பார்க்க வேண்டும். கீழே விழுந்த வரலாற்றை முதலில் சொல்வது ஃப்ரேம் அல்ல: பிரேக் லீவரின் வெளிப்புற நுனி, சீட்டின் ஓரம், பின்னால் கியர் மாற்றும் டெரெய்லரின் வெளிமுகம், பெடலின் விளிம்பு ஆகியவற்றில் ஒரே பக்கமாகக் கீறல்கள் இருந்தால், சைக்கிள் அந்தப் பக்கமாகச் சாய்ந்து சாலையில் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் அடுத்துப் பார்க்க வேண்டியது மேல் குழாயின் முன்பகுதி. விழும்போது ஹேண்டில்பார் சுழன்று வந்து அங்கேதான் மோதும். முன் கழுத்தின் அடியில் கீழ்க்குழாய் சேரும் இடம், சீட் போஸ்ட்டை இறுக்கும் வளையத்தின் கீழ்ப்பகுதி, செயின் கழன்று விழுந்து உரசும் உள்பக்கம் ஆகியவற்றை விரல் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். பெயின்ட் மட்டும் கீறியிருந்தால் நகம் வழுக்கிச் செல்லும், கார்பனே பிளந்திருந்தால் பெரும்பாலும் சிக்கும். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போகும்போது கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அங்கே சந்தேகம் கொள்ளலாம். கடைசியாக ஃபோர்க்கை வெளியே இழுத்து, ஸ்டெம் இறுக்கிப் பிடித்திருந்த தண்டுப் பகுதியைக் காட்டும்படி கேட்க வேண்டும். சுமார் 5 நியூட்டன் மீட்டர் போதுமான இடத்தில் யாரோ மனம்போனபடி முறுக்கியிருந்தால் அதன் தடம் அங்கேதான் இருக்கும். அது முறிந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். விற்பவர் இதற்கு மறுத்தால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுவதே சரி.

எந்த ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்தாலும் டயர் தனிக் கவனத்துக்குரியது. சாதாரண டயருக்கும் நல்ல பந்தய டயருக்கும் இடையே உருளும் தடையில் உள்ள வேறுபாடு, 40 கிலோமீட்டர் வேகத்தில் 8 வாட் அளவுக்கு இருக்கலாம். அதாவது ஏரோ ஃப்ரேமுக்குக் கொடுக்கும் பணத்தின் சிறு பங்கில் அதே அளவு லாபம், அதுவும் ஏற்றம், சமதளம், கூட்டத்தின் நடு என எங்கும் கிடைக்கும். 28 மில்லிமீட்டர் டயரும், அதற்கேற்ற மிதமான காற்றழுத்தமும், டியூப்லெஸ் அல்லது மெல்லிய லேடெக்ஸ் டியூபும் இருந்தால் போதும். ஹூக் (டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு) இல்லாத ரிம்களை வாங்குபவர்கள் மட்டும், அவற்றில் காற்றழுத்தம் 5 பார் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்பதையும், டயர் அந்த ரிம்முக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் உறுதி செய்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உடல் அமைவும் அப்படியே. காற்றுத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வீரரின் உடலால் வருவது. முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க உதவும் அளவான ஃப்ரேம், அளவு பொருந்தாத ஏரோ ஃப்ரேமைவிட வேகமானது.

ஆகவே முடிவைப் பந்தய நாட்காட்டியை வைத்தே எடுக்க வேண்டும். வரும் பருவத்தில் ஓட்டப்போகும் போட்டிகளைத் தாளில் எழுதி, எவை கிரிட்டீரியம், எவை உச்சியில் முடியும் ஏற்றங்கள், எவை காற்று வீசும் நீண்ட சாலைகள் என்று பிரித்தால் பாதி விடை கிடைத்துவிடும். பெரும்பாலானவை கிரிட்டீரியங்களும் குறுகிய சுற்றுப் பாதைகளும் என்றால், அலுமினிய ஃப்ரேமும் 45 முதல் 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள நல்ல சக்கரங்களும் நல்ல டயர்களுமே என் பரிந்துரை. தயக்கமின்றி அதைச் சொல்வேன். ஏற்றத்தின் உச்சியில் முடியும் போட்டிகள் மிகுதியாக இருந்து, ஏற்கெனவே முன்னணிக் குழுவோடு உச்சிக்கு அருகில் வரை சென்று சில மீட்டர்களில் விடுபட்டுப்போகிறவர் என்றால், எடை குறைந்த சைக்கிள் அவருக்கு உண்மையிலேயே இடத்தை மாற்றும். கையில் பணம் குறைவென்றால் பரிசோதித்து வாங்கிய ரிம் பிரேக் கார்பன் சைக்கிள் அந்த வேலையைச் செய்யும். தனியாகப் பிரிந்து ஓடி வெல்பவரும் டைம் ட்ரையலை நேசிப்பவரும் ஏரோ சைக்கிளை எடுக்கட்டும். ஏற்றத்தின் அடிவாரத்திலேயே கூட்டத்தை இழப்பவருக்கு இப்போதைக்கு எந்தப் புதுச் சைக்கிளும் தேவையில்லை. டயரை மாற்றி, உடல் அமைவைச் சரிசெய்து, இன்னும் ஒரு பருவம் பழைய ஃப்ரேமிலேயே பயிற்சி செய்தபின் இந்த நான்கையும் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம்.